விறாந்தையை மேலே இழுக்கும் காற்று

வாழைச்சேனையில் வீட்டுக்கு முன்னால் விறாந்தை இறக்க நினைப்பவர் முதலில் கேட்கும் கேள்வி, "வளைக்கு என்ன மரம் போடலாம்?" என்பதுதான். மரக்காலைக்குப் போனால் முதிரை, தேக்கு, மலேசியாவிலிருந்து வரும் கெம்பஸ் என்று விலை சொல்வார்கள். ஹாட்வெயார் கடைக்காரர் பொக்ஸ்பார் இரும்பைக் காட்டுவார். மேசனிடம் கேட்டால் மரமே வேண்டாம், கொங்கிறீட் பீம் ஒன்று போட்டுவிடலாம் என்பார். மூவருக்கும் இருப்பது ஒரே கவலை: கூரையின் பாரத்தில் வளை தொய்யுமா, முறியுமா? நியாயமான கவலைதான். ஆனால் 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்புக் கரையில் ஏறிய சூறாவளியில் பறந்த கூரைகளைப் பாரம் விழுத்தவில்லை. அவை மேலே போயின. இந்த அத்தியாயம் இரண்டு கணக்கையும் போட்டுப் பார்க்கிறது. கீழே அழுத்தும் கணக்கு முதலில்.

ஒரு சாதாரண விறாந்தையை எடுத்துக்கொள்வோம். நீளம் 12 அடி. வீட்டுச் சுவரிலிருந்து முன்வளை வரை 8 அடி. வளையைத் தாண்டி 2 அடி இறப்பு. கூரை மொத்தம் 120 சதுர அடி, அதாவது 11 சதுர மீற்றருக்குச் சற்று மேல். ஓடு, கைமரம், ரீப்பை எல்லாம் சேர்த்துச் சதுர மீற்றருக்கு 60 கிலோ என்று வைத்தால் கூரையின் எடை ஏறத்தாழ 670 கிலோ. கைமரத்தின் ஒரு முனை சுவரில் இருந்தாலும் சுவர் சரிபாதியைச் சுமப்பதில்லை. இறப்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதால் எட்டில் ஐந்து பங்கு, ஏறத்தாழ 420 கிலோ, முன்வளையில் விழும். இறப்பை நீட்டினால் இந்தப் பங்கு கூடும். மாரி மழைச் சாரலுக்கு நீண்ட இறப்பு நல்லது. வளைக்கு அது கூடுதல் சுமை.

இனி வளை. ஆறு அங்குலத்துக்கு மூன்று அங்குல முதிரை மரம் என்று வைப்போம். கோடியில் ஒன்று, கோடியில் ஒன்றாக இரண்டு தூண்கள் மட்டும் உண்டு. ஊரில் மூத்த ஓடாவியார் ஒருவரிடம் கேட்டால் கணக்குப் போடாமலே விடை வரும்: "மனே, மரத்தக் குத்தி வைக்கணும். படுக்கப் போடப்படா." ஆறு அங்குலப் பக்கம் செங்குத்தாக நின்றால் நடுவில் தொய்வு ஏறத்தாழ 10 மில்லிமீற்றர். அதே மரத்தைப் படுக்கப் போட்டால் 40 மில்லிமீற்றரைத் தாண்டும். மரம் மாறவில்லை, விலையும் மாறவில்லை. வளையின் விறைப்பு அகலத்தோடு நேர்விகிதத்தில்தான் கூடுகிறது; உயரத்தோடோ மும்மடிப் பெருக்கமாகக் கூடுகிறது. உயரம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. அகலம் இரட்டித்தால் வெறும் இரண்டு மடங்கு.

முறிவு வேறு கணக்கு. அதை முதலில் எழுத்தில் வைத்தவர் கலிலியோ. வீட்டுக்காவலில் இருந்தபோது எழுதி 1638இல் லைடனில் அச்சான நூலில், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மர உத்தரம் ஒன்றின் நுனியில் பாரம் தொங்கும் படம் வரும். பலம் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று அவர் சரியாகவே கண்டார். ஆனால் உத்தரம் அதன் அடி விளிம்பில் சுழன்று முறிவதாகவும், குறுக்குவெட்டு முழுவதும் ஒரே அளவில் இழுபடுவதாகவும் எடுத்துக்கொண்டதால், பலத்தை உள்ளதைவிட மூன்று மடங்காக மதிப்பிட்டார். பாதி அமுங்கும், பாதி இழுபடும், நடுவில் ஒரு தளம் இரண்டும் இல்லாமல் சும்மா இருக்கும் என்பதை 1713இல் பாராங்கும் பிறகு கூலோமும் தெளிவாக்கினார்கள்.

மரக்காலையில் உருளை மரம் அறுக்கப்படும்போது இன்னொரு கேள்வி வரும். பத்து அங்குல விட்டமுள்ள மரத்திலிருந்து அதிகப் பலமுள்ள வளையை எப்படி எடுப்பது? சதுரமாக அறுத்தால் மரம் வீணாகாதது போலத் தோன்றும். ஆனால் 8.2 அங்குல உயரமும் 5.8 அங்குல அகலமுமாக அறுத்த துண்டுதான் அதிகப் பலமுள்ளது. உயரத்துக்கும் அகலத்துக்குமான விகிதம் 1.41. முறியாமல் இருப்பதைவிடத் தொய்யாமல் இருப்பது முக்கியம் என்றால் விகிதம் 1.73 ஆகவேண்டும். சீனத்தில் லி ஜியே என்ற அதிகாரி 1103இல் வெளியிட்ட கட்டட விதிநூல், உத்தரத்தை 3க்கு 2 என்ற விகிதத்தில் அறுக்கச் சொல்கிறது. அது 1.5. நுண்கணிதம் பிறப்பதற்கு ஐந்து நூற்றாண்டுகள் முன்னரே இரண்டு விடைகளுக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். எனக்கு இந்த நூலில் எழுதிய எதையும்விட இந்த ஓர் எண்தான் அதிக வியப்பைத் தருகிறது.

தூண்களுக்கிடையிலான தூரம் எல்லாவற்றையும்விடக் கொடியது. ஒரே மாதிரிப் பரந்த பாரத்தில் தொய்வு அந்தத் தூரத்தின் நான்காம் மடியாகக் கூடுகிறது. 12 அடிக்கு நடுவில் ஒரு தூண் வைத்தால் 10 மில்லிமீற்றர் தொய்வு ஒரு மில்லிமீற்றருக்கும் கீழே போய்விடும். முன்னால் மோட்டார் சைக்கிளைத் திருப்ப இடம் வேண்டும் என்று நடுத்தூணை மறுப்பவர்கள் அந்த வசதிக்கு மரத்தின் உயரத்தில் விலை கொடுக்கிறார்கள்.

மரம் ஏன் இப்படித் தாங்குகிறது என்பதற்கு வாழைச்சேனைக்காரர் அதிக தூரம் போகவேண்டியதில்லை. ஊரின் பெயரையே பாடப்புத்தகத்தில் ஏற்றிய கடதாசி ஆலை 1950களில் வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டு எழுந்தது. வைக்கோலைக் கார நீரில் அவிப்பது லிக்னின் என்ற பொருளைக் கரைத்து வெளியேற்றத்தான். எஞ்சுவது செலுலோசு நார். கடதாசிக்கு நார் போதும்; அது மடியவேண்டிய பொருள். மரமோ அந்த நார்களால் ஆன நுண்குழாய்களை லிக்னின் பிடித்து நிறுத்திய கட்டு. செலுலோசு இழுவையைத் தாங்கும். லிக்னின் அந்தக் குழாய்களை அமுக்கத்தில் நெளியவிடாமல் நிறுத்தும். வளையின் அடிப்பக்கம் இழுபடுகிறது, மேற்பக்கம் அமுங்குகிறது. ஆகையால் வளைக்கு இரண்டும் வேண்டும்.

குறையில்லாத மரத்துண்டு, நாரின் போக்கில், அமுக்கத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு இழுவையைத் தாங்கும். கணு இருந்தால் இந்தக் கதை தலைகீழாகும். கணுவைச் சுற்றி நார் வளைந்து போவதால் இழுவை அங்கேதான் கிழிக்கும். வாங்கிய வளையில் ஒரு பக்கம் கணு அதிகம் என்றால் அந்தப் பக்கத்தை மேலே வையுங்கள். மின்கம்பி போகத் துளை போடுவதென்றால் உயரத்தின் நடுவில் போடுங்கள். அந்தத் தளம்தான் சும்மா இருக்கிறது. நடுப்பகுதியில் அடி விளிம்பை வெட்ட யாரையும் விடாதீர்கள்.

கிழக்கின் உலர்காட்டு மரங்களில் பாலையும் முதிரையும் முதல் வரிசை. பாலை தண்ணீரில் தாழும் அளவுக்கு அடர்ந்தது. ஆணி அடித்தால் ஆணிதான் வளையும், முதலில் துளைபோட்டுத்தான் இறக்கவேண்டும். முதிரையின் தூள் சிலருக்குத் தோலில் கடியையும் தடிப்பையும் உண்டாக்கும். அதிலுள்ள அல்கலோயிட்டு ஒன்றே காரணம், ஓடாவியார் மூக்கை மூடிக்கொண்டு அறுப்பது வீண் பயமல்ல. இரண்டுமே காட்டில் மெதுவாக வளர்பவை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் லொறியில் ஏறும் முதிரை மலிவாகக் கிடைக்கலாம்; வாங்காதீர்கள். தேக்கு இவற்றைவிட இலேசானது, ஆனால் நனைந்து காய்ந்தாலும் அதிகம் முறுக்காது, கறையானும் எளிதில் அண்டாது. இது வைரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். இளந்தேக்கில் வெளிறிய வெள்ளைப்பகுதி பாதி இருந்தால் அது தேக்கு விலைக்கு வாங்கிய கறையான் தீனி.

தென்னையும் பனையும் வேறு இனம். அவை புல்லின் உறவு. ஆண்டுவளையம் போட்டுப் பருப்பதில்லை. நடுவில் வைரம் வைக்கும் மற்ற மரங்களுக்கு மாறாக, இவற்றின் வைரம் தோலை அடுத்து இருக்கிறது. முதிர்ந்த தென்னையின் வெளிப்பகுதியில் கன மீற்றருக்கு 600 கிலோவுக்கு மேல் அடர்த்தி, நடுச்சோற்றில் 400க்கும் கீழே. ஒரே தடியில் தேக்கும் தக்கையும் இருக்கின்றன என்று சொல்லலாம். பனையை நீளவாக்கில் பிளந்து சோற்றைத் தோண்டியெறிந்து சலாகை எடுக்கும் பழைய முறை, பலமில்லாத பகுதியை எறிந்துவிட்டு பலமுள்ள பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளும் முறை. பனஞ்சலாகை கைமரமாக அருமையாக உழைக்கும். பெண்பனையைத் தறிக்கப் பிரதேச செயலகத்தின் அனுமதி தேவை என்பதை மறக்கவேண்டாம். தென்னையை முன்வளையாகப் போடுவதென்றால் அடித்துண்டின் வெளிப்பலகையைக் கேட்டு வாங்குங்கள், மழை படாமல் பாருங்கள், வாங்கியவுடன் ஏற்றாதீர்கள். பச்சை மரம் பாரத்தோடு காய்ந்தால் தொய்வு வருடக்கணக்கில் கூடிக்கொண்டே போகும். முதல் நாள் 10 மில்லிமீற்றர் 20 ஆகிவிடும். பிறகு பாரத்தை எடுத்தாலும் முழுவதும் திரும்பாது.

கொங்கிறீட் அமுக்கத்தில் மலை. இழுவையில் அதன் பலம் பத்தில் ஒரு பங்குதான், அதனால்தான் கம்பி. இரு தூண்களுக்கு நடுவிலுள்ள பீமில் முக்கியக் கம்பி அடியில் ஓடவேண்டும். ஆனால் தூணே இல்லாமல் சுவரிலிருந்து நீட்டிவிடும் போர்ட்டிகோத் தட்டில் எல்லாம் மாறுகிறது. கலிலியோவின் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: நுனி கீழே தொங்கப் பார்க்கும்போது மேற்பக்கம்தான் இழுபடுகிறது. அங்கே கம்பி மேலே இருக்கவேண்டும், வீட்டுக்குள்ளேயும் போதிய நீளம் ஓடிப் பிடித்திருக்கவேண்டும். வேலை நடக்கும்போது கம்பியின்மேல் ஆள் மிதித்து நடந்தால் அது கீழே அமுங்கிவிடும். கொங்கிறீட் போட்ட பிறகு வெளியிலிருந்து எதுவும் தெரியாது. முட்டுப்பலகையைக் கழற்றும் நாளில் தெரியும். அல்லது அதற்குப் பிறகு, கீழே ஆள் நிற்கும்போது. கம்பி மேலே நிற்கிறதா என்று கொங்கிறீட் கொட்டுமுன் நீங்களே குனிந்து பாருங்கள்.

உப்புத்தான் இந்தக் கரையில் கொங்கிறீட்டின் எதிரி. புதிய கொங்கிறீட்டின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்குகிறது. குளோரைட்டு அந்தப் படலத்தை உடைக்கும். துரு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிக்கும் பொருள், உள்ளிருந்து கொங்கிறீட்டைப் பிளந்துவிடும். மாதுறு ஓயாப் பக்கத்து ஆற்றுமணலுக்கும் கடற்கரை மணலுக்கும் உள்ள விலை வித்தியாசம் இந்த இடத்தில்தான் திரும்பி வரும். கம்பிக்கு வெளியே ஒன்றரை அங்குலக் கொங்கிறீட் மூடியிருக்கவேண்டும். கவர் கல் வைக்காமல் கம்பி பலகையில் கிடந்தால் அது நடக்காது. பாசிக்குடா, கல்குடாவில் கடற்கரையோரத்து வீட்டுக்கும் கிரான் பக்கத்து வீட்டுக்கும் உப்பு ஒன்றல்ல. கடலிலிருந்து முதல் சில நூறு மீற்றருக்குள்ளேயே காற்றில் வரும் உப்பு வேகமாகக் குறைந்துவிடும். களப்பு நீர் உவர் என்றாலும் அது அலையாக உடைந்து தூவானமாக எழுவதில்லை.

பொக்ஸ்பாரைப் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. நாகப்பூச்சு இரும்பைக் காக்கத் தன்னைத் தின்னக் கொடுக்கிறது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒட்டிய இடமெல்லாம் அந்தப் பூச்சு எரிந்துபோகிறது. பெயின்ற் அடிப்பது வெளியே, துருப்பிடிப்பது குழாய்க்குள்ளே. கடற்கரை வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

இனி இரண்டாவது கணக்கு. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் சதுர மீற்றருக்கு 38 கிலோ. 180 கிலோமீற்றரில் 150 கிலோவுக்கு மேல். விறாந்தைக்கு மூன்று பக்கம் திறப்பு. முன்னால் வரும் காற்று வீட்டுச் சுவரில் முட்டி நின்று கூரையைக் கீழிருந்து தள்ளும், மேலே ஓடும் காற்று அதை உறிஞ்சும். 11 சதுர மீற்றருக்கு 180 கிலோமீற்றர் காற்று கொடுக்கும் மேலிழுப்பு ஏறத்தாழ 1,700 கிலோ. ஓட்டுக் கூரையின் எடை 670. தகரக் கூரை என்றால் சட்டத்தோடு சேர்த்து 200 கிலோகூடத் தேறாது. அதைத் தூக்கச் சூறாவளியே தேவையில்லை, 90 கிலோமீற்றர்ப் புயற்காற்று போதும். ஓடு தனித்தனியாகக் கழன்று பறக்கும், அந்த இழப்பிலேயே அழுத்தம் வெளியேறி வளை தப்பலாம். தகரமோ பாய்மரம் விரித்த மாதிரி முழுச் சட்டத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

தகரக் கூரையில் எஞ்சும் மேலிழுப்பு 1,500 கிலோ. அதில் எட்டில் ஐந்து முன்வளைக்கு, இரண்டு தூண்களென்றால் தூணுக்கு ஏறத்தாழ 470 கிலோ. இந்த 470 கிலோவை யார் பிடிப்பது? பெரும்பாலான விறாந்தைகளில் இரண்டு ஆணிகள். மேலிருந்து நேரே அடித்த ஆணியை அதே நேர்க்கோட்டில் இழுத்தால் உராய்வு மட்டுமே அதைப் பிடிக்கிறது. பச்சை மரத்தில் அடித்தது காய்ந்தபின் அந்தப் பிடியில் பெரும்பகுதி போய்விடும். அதே ஆணியைக் குறுக்கே இழுத்தால் அது வெட்டுப்பட்டாகவேண்டும், பலம் பல மடங்கு. அதனால்தான் வளையின் மேலாக நாகப்பூச்சுப் பட்டித் தகடு ஒன்றை மடித்துத் தூணின் இரு பக்கமும் குறுக்காக அடிக்கவேண்டும், அல்லது தூணின் கம்பியை மேலே நீட்டவிட்டு 12 மில்லிமீற்றர் போல்ட்டும் அகன்ற வாஷரும் போட்டு முடுக்கவேண்டும். கிடுகு வீட்டில் வளையைக் கயிற்றால் வரிந்து கட்டியவர்களிடம் இந்தத் தத்துவம் ஏற்கெனவே இருந்தது. கயிறு எல்லாத் திசையிலும் பிடிக்கும், ஆணி ஒரு திசையில்தான்.

பிடிப்பு கூரையில் தொடங்கி மண்ணில் முடியவேண்டும்: தகரம் ரீப்பையோடு, ரீப்பை கைமரத்தோடு, கைமரம் வளையோடு, வளை தூணோடு, தூண் அத்திவாரத்தோடு. ஓர் இடம் விட்டுப்போனால் மற்ற நாலும் வீண். இறப்பு ஓரத்திலும் மூலைகளிலும் உறிஞ்சல் அதிகம், அங்கே தகரத் திருகுகளை நெருக்கமாகப் போடவேண்டும்.

அத்திவாரத்தில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு அடிக்கு இரண்டு அடி, ஆழமும் இரண்டு அடியாகக் கொங்கிறீட் கட்டி ஒன்றின் எடை ஏறத்தாழ 540 கிலோ. தூணை இழுக்கும் 470ஐ அது பிடித்துவிடும் என்று தோன்றும். ஆனால் சூறாவளி வருவது மாரியில். கார்த்திகை, மார்கழியில் களப்போரத்து வளவுகளில் நிலத்தடி நீர் குதிக்கால் அளவுக்கு ஏறி நிற்கும். நீரில் மூழ்கிய கொங்கிறீட் தன் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இழக்கும். 540 கிலோ 315 ஆகிவிடும், தூணோடு சேர்ந்து கிளம்பிவிடும். ஆகவே கட்டியை ஒடுக்கமாக ஆழ்த்துவதைவிட, அடியில் மூன்று அடிக்கு மூன்று அடியாக விரித்து, அதன்மேல் மண்ணைப் போட்டு இடித்து இறுக்குங்கள். அப்போது மேலே கிடக்கும் மண்ணையும் தூக்கினால்தான் தூண் எழும்பும்.

இந்த இடத்தில் மேசனின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. ஒன்பது அங்குலத்துக்கு ஒன்பது அங்குலமாக 12 அடி நீளக் கொங்கிறீட் பீம் ஒன்றின் எடை மட்டும் ஏறத்தாழ 460 கிலோ, அது சுமக்கவேண்டிய ஓட்டுப் பாரத்தைவிட அதிகம். பாரக் கணக்கில் அது ஊதாரித்தனம். காற்றுக் கணக்கில் அது முதல்.

என்னிடம் கேட்டால்: கரையிலிருந்து விலகிய வீட்டுக்கு ஆற்றுமணலில் போட்ட கொங்கிறீட் தூணும் பீமும், அதன்மேல் பனஞ்சலாகையும் ஓடும். கடலோர வீட்டுக்குத் தேக்கோ முதிரையோ வளையாக, மூன்று தூண்களில், நாகப்பூச்சுப் பட்டியோடு. மரத்தூண் என்றால் அடியை மண்ணில் புதைக்காமல் குந்துக்கு மேலே நாலு அங்குலம் தூக்கி இரும்புக் காலணியில் நிறுத்துங்கள். ஈரம் ஏறாத மரத்தில் இற்றல் தொடங்காது. காசு முட்டினால் முதிரையை விட்டுத் தென்னைக்கு இறங்கலாம், ஓட்டை விட்டுத் தகரத்துக்கு இறங்கலாம். போல்ட், பட்டித் தகடு, அத்திவாரம் ஆகிய மூன்றிலும் குறைக்காதீர்கள்; முழுச் செலவில் அவை சிறு பங்குதான். வேலை முடிந்த பிறகும் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசியில், மாரி தொடங்குமுன், ஏணி வைத்து ஏறி ஒவ்வொரு நட்டையும் ஸ்பானர் போட்டுப் பாருங்கள். காய்ந்து சுருங்கிய மரத்தில் அரைச் சுற்றாவது முடுக்க இடமிருக்கும்.